அறுபத்து மூன்று நாள் விக்கல்

அந்த அருங்காட்சியகத்தில் காவல் பணியில் இருந்தவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார்களோ, அதுவே பெயர். எலும்புக் கூடத்தில் இருந்த பருமனான அம்மாவுக்குப் பெயர் 'எலும்பு'. வாளும் ஈட்டியும் பீரங்கியும் இருந்த கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறிவிடுவார், அவர் 'ஆயுதம்'. பத்தொன்பது வருடமாகப் பறவைக் கூடத்தில் இருந்தவர் 'பறவை'.

பறவைக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அப்புறம் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் கொண்ட வீட்டில் தனியாக இருந்தார். நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் தங்கை வீடு. போவதில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை.

ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "கண்ணாடியத் தொடாதீங்க." "கழிப்பறை அந்தப் பக்கம்." "அஞ்சு மணிக்கு மூடிடுவோம்." மற்ற நேரமெல்லாம் கூடத்தைச் சுற்றி வருவார். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பார். பாடம் செய்து வைத்த பறவைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க, மாதத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் அந்துருண்டை மாற்றிவைப்பார். பத்தொன்பது வருடத்தில் அங்கே ஒட்டியிருந்த ஒவ்வொரு சீட்டையும் நூறு தடவையாவது படித்திருப்பார். ஒருவகை உழவாரன் குருவி பத்து மாதம் தரையில் காலே வைக்காமல் பறக்கும், தின்பதும் தூங்குவதும் காற்றில்தான் என்பதும், ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது, அதனால்தான் தலையைத் திருப்புகிறது என்பதும், மரங்கொத்தியின் நாக்கு வாய்க்குள் அடங்காமல் மண்டை ஓட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையாக வந்து நின்றார்கள். டீச்சர் கழுகுப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இப்போ எல்லாரும் அமைதியா..." என்று ஆரம்பித்த நேரத்தில் பறவைக்கு விக்கல் எடுத்தது. உயரமான கூரை, சத்தம் போய் மோதித் திரும்பி வந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அடுத்த விக்கலுக்கு எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரிப்பை அடக்க முடியாமல் கழுகைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் குடித்தார். நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தார். சாப்பாட்டு நேரத்தில் எலும்பு அம்மா அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள்.

"என்ன பறவை, யாரோ உங்கள விடாம நினைக்கிறாங்க போலிருக்கு?"

"என்னையா?"

"பின்னே என்னையா? விக்கிறது நீங்கதானே. யாருன்னு சரியாப் பேர் சொல்லிப் பாருங்க, டக்குனு நின்னுடும்."

அவர் சிரித்து வைத்தார். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே 'இக்' என்று வந்து கெடுத்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபோது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. நம்பிக்கை இருந்து செய்யவில்லை. வேறு வேலை இல்லாததால் செய்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எலும்பு அம்மாவின் உண்மைப் பெயர், ஆயுதத்தின் உண்மைப் பெயர், காப்பாட்சியர், கீழ்வீட்டுக்காரர், பால் கொண்டுவருகிறவர், பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன், எப்போதோ பெண் பார்க்கப் போன வீட்டில் ஜன்னலோரம் நின்றவள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். 'இக்'. பத்துப் பேர் ஆனதும் பட்டியல் தீர்ந்துபோனது. ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்து பத்துப் பேர்தானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பதினோராவதாக ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதைத் தவிர்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் அதையும் சொன்னார். தங்கையின் பெயர்.

காத்திருந்தார். வழக்கமாகப் பத்து நொடிக்குள் வந்துவிடும். பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. அவர் மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

'இக்.'

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

*

மூன்றாம் நாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. அருங்காட்சியகத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. டிக்கெட் கொடுப்பவர், குனிந்து டம்ளரின் எதிர்ப்பக்க விளிம்பால் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்ததில் பாதி மூக்குக்குள் போனது. தோட்டக்காரர் ஒரு கரண்டி சர்க்கரையை நாக்கின் அடியில் வைக்கச் சொன்னார். ஆயுதம் ஒரு மத்தியானம் ஓசைப்படாமல் பின்னால் வந்து, "ஏய்!" என்று கத்தினார். பறவை திடுக்கிடவில்லை. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான பார்வையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்தி அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று.

காப்பாட்சியர் படித்த பெண்மணி. சின்ன வயது. பத்தொன்பது வருடத்தில் வந்த ஏழாவது காப்பாட்சியர். அதுவரை பறவையிடம் வருகைப் பதிவேட்டைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஆறாம் நாள் ஒரு தாளில் குறிப்பெழுதிக்கொண்டு கூடத்துக்கே வந்தாள்.

"இதுக்கு வைத்தியம் தேடறது ரொம்பப் பழைய விஷயம், தெரியுமா? ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்கர்கள் எழுதி வெச்சிருக்காங்க. முதல்ல மூச்சைப் பிடி. நிக்கலையா, வாய் கொப்பளி. அதுக்கும் நிக்கலையா, மூக்குல எதையாவது விட்டுத் தும்மு."

"தும்மினேன் மேடம். இக். தும்மலும் விக்கலும் சேர்ந்து வருது."

அவள் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் ஒரு காப்பாட்சியர் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கே விக்கல் வரும். மூச்சு விடக் கத்துக்கறதுக்கு முன்னாடியே விக்கக் கத்துக்குது. ஏன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. தவளை குஞ்சா இருக்கும்போது செவுள் வழியாத் தண்ணியத் தள்ளுது பாருங்க, அந்தப் பழக்கத்தோட மிச்சம்தான் நம்ம உடம்புல இருக்குன்னு சில பேர் சொல்றாங்க. ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டு வருஷம் விக்கல் இருந்திருக்கு. ஒரு பன்னியை எடை போடத் தூக்கினாராம். அப்போ ஆரம்பிச்சது."

"அறுபத்தெட்டு வருஷமா?"

"அதோடயே கல்யாணம் பண்ணி, பிள்ளைகள் பெத்து, நல்லாத்தான் இருந்திருக்கார்."

தனக்கு அறுபத்தெட்டு வருடம் விக்கினால் வயது நூற்றிருபது ஆகியிருக்கும் என்று பறவை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உடம்பு வேடிக்கை பார்க்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வாயில் வைத்ததை விழுங்குவதற்குள் விக்கல் வந்து மேலே தள்ளியது. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. நெஞ்சுக்குக் கீழே யாரோ உள்ளிருந்து குத்துவதுபோல் வலித்தது. மூன்றாவது வாரம் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்.

டாக்டர் ஒரு பெரிய படத்தை எடுத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரித்த குடைத்துணி மாதிரி இருந்த தசையைக் காட்டினார். "இதுதான் உதரவிதானம். இது திடீர்னு சுருங்குது, உடனே தொண்டை மூடிக்குது. அந்தச் சத்தம்தான் விக்கல். ரெண்டு நாளைக்கு மேல போனா கவனிக்கணும். ஒரு மாசத்தைத் தாண்டிட்டா அடங்காத விக்கல்னு பேர் வெச்சிருக்கோம்."

"பேரு வெச்சிருக்கீங்க. இக். நிறுத்த என்ன வெச்சிருக்கீங்க?"

தன் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாச் சோதனையும் எடுத்தார். எதிலும் குறை இல்லை. மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூக்கம் வந்தது, விக்கல் போகவில்லை. மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பறவை அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

"ஏன், லீவு போட்டா ஆகாதா?" என்றாள் எலும்பு.

"வீட்டுல உக்காந்து யார்கிட்ட விக்கறது?"

*

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. பறவைக் கூடத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

முதலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணினார்கள். வந்தவர்கள் வெறுமனே நிற்கக் கூசி, பக்கத்துப் பெட்டியைக் காட்டி, "இது என்ன பறவை?" என்று ஒப்புக்குக் கேட்டார்கள். பறவை பதில் சொன்னார். நடுநடுவே விக்கினார். மரங்கொத்தியின் நாக்கைப் பற்றிச் சொன்னபோது ஒரு பெண்மணி தன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பழங்காலக் கடலோடிகள் கூண்டில் பறவை கொண்டுபோனதையும், கரை தெரியாத இடத்தில் அதைப் பறக்கவிட்டு அது போகிற திசையில் கப்பலைத் திருப்பியதையும் சொன்னபோது கூட்டம் சத்தமில்லாமல் கேட்டது. ஒரே ஒரு பெட்டியை மட்டும் யாராவது கேட்டாலொழிய அவர் காட்டமாட்டார். வானத்தையே மறைக்கிற அளவுக்குக் கோடிக்கணக்கில் இருந்த ஒரு புறா இனம். கடைசியாக மிஞ்சிய ஒன்று கூண்டில் தனியாக இருந்து செத்தது. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வேறு விஷயமாக வந்த ஒரு பத்திரிகைக்காரர் இதையும் பார்த்துவிட்டுப் போய் எழுதினார். நாற்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், 'விடாத விக்கலோடு விடாத வேலை' என்று உள்ளங்கை அளவுக்குச் செய்தி வந்தது. படமும் போட்டிருந்தார்கள். வாய் பாதி திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. தங்கையின் கணவர்.

"மச்சான், பேப்பர்ல பார்த்தோம். என்ன இது, இவ்வளவு நாளா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்ற மாதிரி என்ன இருக்கு மாப்பிள்ளை. இக். வெறும் விக்கல்தான்."

"கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. சாப்பிட முடியுதா?"

பறவை பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு தண்ணி குடிக்கச் சொல்லுங்க. டம்ளரை வேற யாராவது பிடிச்சுக்கணும்."

நாலு வருடம் கழித்துக் கேட்கிற குரல். அவர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உங்க தங்கச்சி சொல்றா..."

"கேட்டுச்சு மாப்பிள்ளை."

டம்ளரைப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. மறுநாள் சமையல் மேடையின் விளிம்பில் டம்ளரை வைத்து, குனிந்து, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு குடித்துப் பார்த்தார். தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை பேசினார். பேச்சின் நடுவில் தொலைபேசி கைமாறியது. "காது அடைச்சுக் குடிச்சியா?" என்றாள் தங்கை. "குடிச்சேன்" என்றார். "நிக்கலையா?" "நிக்கலை." "சரி" என்று தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு அவளே கூப்பிட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் சீட்டு பதிகிற இடத்தில் வேலை பார்த்தாள். அங்கே வருகிற டாக்டர்களிடம் எல்லாம் அண்ணனின் விக்கலைப் பற்றிக் கேட்டிருந்தாள். யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். பறவை ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டார். 'ம்' போடாத இடத்தில் விக்கல் 'ம்' போட்டது. அம்மாவைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

*

அறுபத்து மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரம். கொக்குகள் இருந்த பெட்டியைத் திறந்து அந்துருண்டையை மாற்றிக்கொண்டிருந்தார். பழையதைப் பொறுக்கி, புதியதைத் துணிப்பொட்டலத்தில் கட்டி மூலைகளில் வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கொத்தில் மாட்டினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பல வாரமாகக் கேட்காத சத்தம்.

விக்கல் நின்றுபோயிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எப்படி நின்றது, எப்போது நின்றது, ஒன்றும் தெரியவில்லை. யாருடைய வைத்தியமும் இல்லை. வந்தது மாதிரியே போய்விட்டது. எழுந்து போய் எலும்பிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். அப்பா தயங்கித் தயங்கி, "பேப்பர்ல வந்தது... நீங்கதானே?" என்றார்.

பறவை அவர்களைப் பார்த்தார். பெரிய பெண் கைக்கடிகாரத்தைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

'இக்' என்றார்.

அதற்குப் பின் பதிமூன்று நாள் அவர் பொய்யாக விக்கினார். நிஜ விக்கலைவிட அது கடினமாக இருந்தது. நிஜத்துக்கு எந்த முயற்சியும் வேண்டாம். பொய்க்கு நேரம் பார்க்க வேண்டும், நெஞ்சைத் தூக்கிக் காட்ட வேண்டும், பேச்சின் நடுவில் மறக்காமல் செருக வேண்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் கூடத்தைத் திறக்கும்போது திருடன் மாதிரி இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் போனார். யாராவது வந்து, "இன்னும் நிக்கலையா பாவம்" என்று பக்கத்தில் உட்காருவார்கள். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோதும் விக்கினார்.

"இது சரிப்படாதுண்ணா" என்றாள். "எங்க ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டர் ஒருத்தர் மாசம் ஒருதடவை வர்றார். சீட்டு கிடைக்கிறதே பெரும்பாடு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை உனக்கு லீவுதானே? நானே வந்து கூட்டிட்டு வர்றேன். ராத்திரி இங்க தங்கிட்டு மறுநாள் டாக்டரப் பார்க்கலாம்."

"நீ எதுக்கு அலையணும்?" என்றார். வர வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

*

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். தலையில் முன்பக்கம் நரை விழுந்திருந்தது. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒரு துணி காயப்போடும் ஸ்டாண்ட் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பறவை தேநீர் போட்டார். இரண்டு முறை விக்கினார்.

"இளைச்சிட்டே."

"இப்போ கொஞ்சம் தேறியிருக்கேன். இக்."

தேநீரைக் குடித்தபடி அவள் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் வந்த வலி. புதிதாக வந்த மேலதிகாரி நாற்காலியை மாற்றித் தரமாட்டேன் என்கிறான். இவள் வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுபோய்க் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டான். மறுநாள் அவனே அதில் தடுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, இவளுடைய ஜன்னலிலேயே வந்து வரிசையில் நின்றான்.

"பேரு, வயசு எல்லாம் கேட்டேன். தெரியாத ஆள் மாதிரி. முகவரியும் கேட்டேன்."

பறவை வாய்விட்டுச் சிரித்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணாம் நாள் புது நாற்காலி வந்துடுச்சு." அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷமாச்சு" என்றாள்.

அவர் உடனே 'இக்' என்றார்.

"வேணாம்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நின்னு எத்தனை நாளாச்சு?"

"பதிமூணு நாள்."

"போன வாரம் போன்ல பேசினப்போ?"

"அப்பவும் இல்லை."

தங்கை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். அந்த டாக்டரோட உதவியாளன் கால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கினேன். நாலு மணி நேரம் இந்தக் காலோட பஸ்ல வந்திருக்கேன். உனக்கு இது விளையாட்டா இருக்கா?"

"விளையாட்டு இல்லை. நின்னுடுச்சுன்னு சொன்னா நீ போன் பண்ண மாட்டே."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றாள் கடைசியில். "எனக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. பஸ் பாதி வழி தாண்டிடுச்சு. ஒரு மணி நேரம் நிறுத்துங்க, தங்கச்சி வர்றான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நீ சொல்லியிருக்கணும். நான் வந்து இறங்கறேன், வெறும் வீடு. வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவி வெச்சிருக்கீங்க. எங்கம்மா முகத்த நான் பார்க்கலை."

"வண்டி வந்துடுச்சு. எல்லாரும் எடுத்துடலாம் எடுத்துடலாம்னாங்க. பெரியவங்க எல்லாம் நின்னாங்க..."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

"சரின்னே."

"என்னால முடியலை. வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. நாலு வருஷமா தினமும் அதைத்தான் சொல்லிப் பார்க்கறேன். 'நிறுத்துங்க, என் தங்கச்சி வரணும்.' இங்க, இந்த ரூம்ல, தனியா இருக்கும்போது நல்லாத்தான் வருது."

தங்கை அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துணி ஸ்டாண்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அது இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது. அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டார். ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் கிளம்புகிறவரைக்கும் கீழே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவியா?"

"நீ பண்ணு" என்றாள். "எடுக்கறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன். எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே."

"இல்லை. நினைக்கலை."

*

மறுநாள் காப்பாட்சியரிடம் போய் விக்கல் நின்றுவிட்டது என்று சொன்னார். எப்போது நின்றது என்பதையும் சொன்னார். அவள் புருவத்தை உயர்த்தினாள், ஏனென்று கேட்கவில்லை. பிறகு எலும்பிடம் சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி?"

"நம்ம ரெண்டு கூடத்துக்கும் நடுவுல ஒரு சுவர்தானே. முன்னாடியெல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் சத்தம் வரும். அப்புறம் ஆள் வந்தா மட்டும் வந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

"கேட்டு என்ன பண்றது? விக்கிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்." டப்பாவை மூடிக்கொண்டே, "வீட்டுக்காரர் போன புதுசுல நான் ரெண்டு தட்டுல சோறு போட்டு வெப்பேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள்.

இரண்டு வாரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. வருகிறவர்கள் வாசலில் நின்று, "அந்த விக்கல்காரர் இருக்காரா?" என்று கேட்பார்கள். "நின்னுடுச்சுங்க" என்பார். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஏமாந்த முகத்தோடு அடுத்த கூடத்துக்குப் போவார்கள். ஒருசிலரிடம் அவரே வலியப் போய், "இந்த ஆந்தையப் பாருங்க..." என்று ஆரம்பிப்பார். சிலர் நின்று கேட்டார்கள். பலர் நிற்கவில்லை. காப்பாட்சியர் திரும்பவும் வருகைப் பதிவேட்டைப் பற்றி மட்டும் பேசினாள். ஆயுதம் மட்டும் எப்போதாவது பின்னாலிருந்து வந்து, பழக்கதோஷத்தில், "ஏய்!" என்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தங்கைக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"கடைத்தெருவுல இருக்கேன். ஒண்ணும் கேக்கலை. என்ன?"

"ஒண்ணுமில்லை" என்றார்.

"என்னது? சத்தமாச் சொல்லு!"

அவர் எழுந்து நின்றார். "கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டேன்!" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சோறு வடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். எட்டேகாலுக்கு அடித்தது. நாலு நிமிடம் பேசினார்கள். வலி இடது காலில் குறைந்து வலது காலுக்கு வந்திருக்கிறது என்றாள். ஏறி இறங்கும்போதுதான் தெரிகிறதாம், உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லையாம். ஒத்தடம் கொடுக்கிறாயா என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றாள்.